பட்டிக்கு அடியில் இருந்த எண்

ஜூன் 11, செவ்வாய்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எதையும் கூட்ட மாட்டேன், எதையும் விட மாட்டேன். போன நோட்டில் நிறையப் புளுகியிருக்கிறேன். ‘கொட்டும் மழையில் தன்னந்தனியே நடந்து வந்தேன்’ என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. அன்று என்னிடம் குடை இருந்தது. கூட அம்மாவும் இருந்தாள். இப்போது படித்தால் காது சுடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாயிற்று, இனி அப்படி வேண்டாம்.

முதலில் வீட்டைப் பற்றி. நாங்கள் நாலு பேர். அப்பா எஞ்சின் ஒர்க்‌ஷாப்பில் பெயின்டர். பழைய ரயில் எஞ்சின்களைப் புதுப்பித்ததும் அவற்றுக்கு எண் எழுதுவது அவர் வேலை. அம்மா தையல் மிஷினில் யூனிஃபார்ம் தைக்கிறாள். நாலாவது ஆள் மாமா, அம்மாவின் தம்பி. போன அக்டோபர் வரை எஞ்சின் டிரைவர். இப்போது ஷெட்டில் தரை கூட்டுகிறார், எங்கள் முன் அறையில் படுக்கிறார்.

ஏன் என்றும் எழுத வேண்டும். அக்டோபரில் 4417 என்ற எஞ்சினை யார்டுக்குள் ஓட்டி வந்தபோது அது நிற்கவில்லை. தண்டவாளம் முடிகிற இடத்துத் தடுப்பில் போய் மோதியது. பக்கத்தில் நின்ற, தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனின் வலது கால் நசுங்கிவிட்டது. மாமா ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்றார். ஆபீஸ் ‘டிரைவர் தூங்கிவிட்டார்’ என்றது. எஞ்சினைப் பரிசோதித்துப் பாருங்கள் என்று மாமா மனு போட்டார். மறுவாரமே அதை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று, பரிசோதிக்க இயலாது என்று பதில் வந்தது. ஜூலை 18 மறுவிசாரணை. அதிலும் தோற்றால் மாமா இனி எஞ்சினில் ஏற முடியாது.

மாமா என்னை ‘ரிஜிஸ்தர்’ என்று கூப்பிடுவார், எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன் என்பதால். இன்று இந்தப் புது நோட்டைப் பார்த்துவிட்டு, “ஏய் ரிஜிஸ்தர், இன்னிக்கு எத்தனை தடவை தும்மினேன்னு எழுதிட்டியா?” என்றார். மூன்று தடவை.

என் ஜன்னலிலிருந்து பெயின்ட் ஷாப்பின் நீள ஜன்னல்கள் தெரியும். உள்ளே நாலு வரிசை விளக்கு. கடைசியாகக் கிளம்புகிறவர் அப்பாதான். ஒவ்வொரு வரிசையாக அணைப்பார். நாலாவது வரிசை அணைந்ததும் நான் “அம்மா, நாலு” என்பேன், அம்மா டீக்குத் தண்ணீர் வைப்பாள். கொதிக்கிற நேரத்துக்குச் சரியாக அப்பா வாசலில் செருப்பை விடுவார். இது தினமும் நடப்பது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஜூன் 15, சனி

சனிக்கிழமைகளில் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துப் போவது நான். கேட்டில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பாயின்ட்ஸ்மேன்தான். கால் போன பிறகு அவருக்குக் கேட் வேலை கொடுத்தார்கள். “தூங்குமூஞ்சி மாமா சௌக்கியமா?” என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிறார். அவருடைய ஊன்றுகோலைப் பார்த்தால் கோபம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

பெயின்ட் ஷாப்புக்குள் பச்சையாகப் போகிற எஞ்சின் நீலமாக வெளியே வருகிறது. பழைய நிறம் கரும்பச்சை, நடுவில் மஞ்சள் பட்டை. புதிய நிறம் கீழே நீலம், மேலே சாம்பல், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, முகத்துக்கு மட்டும் ஆரஞ்சு. எனக்குப் புதியது பிடித்திருக்கிறது. அப்பாவுக்கு இல்லை. “பச்சை அழுக்கை மறைச்சுக்கும். நீலம் காட்டிக் கொடுத்துடும்” என்கிறார்.

எண்ணும் மாறுகிறது. பழைய எஞ்சின்கள் இருபது, 4401 முதல் 4420 வரை. புதுப்பித்தால் எழுபதில் தொடங்குகிற எண் வரும். ஆனால் பழைய வரிசைப்படி வராது, ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வருகிற வரிசைப்படிதான் வரும். முதலில் வந்தது 7001, அடுத்தது 7002. எனவே எது எதுவாக மாறியது என்று தெரிய வேண்டுமானால் ஷாப் சுவரில் தொங்கும் பலகையைத்தான் பார்க்க வேண்டும். நான் அதைப் பார்த்து என் எஞ்சின் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். உதாரணமாக, மார்ச் 9 அன்று வெளியே வந்த 7004 பழைய 4419. அது தினமும் பத்தேகாலுக்கு எங்கள் பள்ளிக்குப் பின்னால் போகும். அது போய் முடிகிறவரை கணக்கு டீச்சர் சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார்.

இன்று அப்பாவிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். 7010-க்கு மாட்டிய கதவின் உள்பக்கம் 4403 என்று குத்தியிருந்தது. ஆனால் பலகையில் 7010 பழைய 4412.

“கதவு ஒண்ணுலேர்ந்து வரும், ஜன்னல் இன்னொண்ணுலேர்ந்து வரும். எது நல்லாயிருக்கோ அதை மாட்டுவாங்க” என்றார் அப்பா.

“அப்போ எதுதான்பா எஞ்சின்?”

“அடிச்சட்டம். அதை மாத்த முடியாது.”

இடது பக்க முதல் படிக்குப் பின்னால் கையை விடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். இரும்பில் அடித்த எண் பெயின்ட்டுக்குக் கீழே மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. நாலு, நாலு, ஒன்று, இரண்டு. அந்த இடத்தில் பெயின்ட் ஒரே ஒரு பூச்சுதானாம். பட்டி வைக்கவே கூடாதாம். மற்ற இடத்தில் பள்ளம் இருந்தால் பட்டி வைத்துத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள், இங்கே அப்படிச் செய்தால் எண் மூடிப்போகும். “இது கூடத் தெரியாதவன் பிரஷ்ஷைத் தொடக் கூடாது” என்றார் அப்பா. அவருடைய வலது கட்டைவிரல் பட்டியைத் தேய்த்துத் தேய்த்து ரேகை இல்லாமல் இருக்கிறது.

ஜூன் 19, புதன்

ஒன்றும் விசேஷம் இல்லை. மாமா முகம் வழித்துக்கொண்டே விசாரணையில் பேசப்போவதைக் கண்ணாடிக்குச் சொல்லிப் பார்த்தார். “ஐயா, இருபத்தொரு வருஷ சர்வீஸ்” என்றதும் கத்தி தாடையைக் கீறிவிட்டது. “இருபத்தொண்ணுன்னு சொன்னாலே ரத்தம் வருது” என்றார். அம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 22, சனி

7011 வெளியே வந்துவிட்டது. 7010-க்குப் பக்கத்தில் சோதனைப் பாதையில் நிற்கிறது. எண் அவ்வளவு அழகு, ஒன்றுகள் இரண்டும் நேராக நிற்கின்றன.

ஆனால் பலகையில் 7011-க்கு நேரே 4419 என்று எழுதியிருக்கிறது. 4419 ஏற்கெனவே 7004 ஆகிவிட்டதே? ஒரே எஞ்சின் எப்படி இரண்டு முறை வெளியே வரும்?

அப்பாவிடம் கேட்டேன். அவர் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

“நீ மாத்தி எழுதியிருப்ப. பலகையில பாரு, 7004 வந்து 4409.”

“பலகையைப் பார்த்துத்தான் எழுதினேன்பா.”

“மார்ச்ல எழுதினது. ரெண்டும் ஒன்பதுல முடியுது, குழம்பியிருப்ப.”

வீட்டுக்கு வந்து எஞ்சின் நோட்டில் 4419-ஐ அடித்துவிட்டு 4409 என்று திருத்தினேன். பக்கத்தில் ‘என் கவனக்குறைவு’ என்றும் எழுதினேன். இந்த நோட்டிலும் 15-ஆம் தேதி தப்பாக எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை. தப்பாக எழுதியதும் நடந்ததுதான்.

ஜூன் 27, வியாழன்

4409-ஐப் பார்த்தேன். லெவல் கிராசிங்கில், இன்று மாலை நாலரைக்கு. கரும்பச்சை, மஞ்சள் பட்டை, முகத்தில் எண்ணெய்க் கறை. அது இன்னும் ஒர்க்‌ஷாப்புக்கே போகவில்லை.

அப்படியானால் 7004 பழைய 4409 அல்ல. நான் எழுதியதுதான் சரி.

அப்பா எண்ணில் தப்பு செய்து நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 28, வெள்ளி

கணக்கு. இருபது எஞ்சின். இன்னும் பச்சையாக ஓடுபவை ஒன்பது. இந்த மாதத்தில் ஒன்பதையும் என் கண்ணால் பார்த்தேன், நேற்று பார்த்ததோடு சேர்த்து. நீலமாகி வந்தவை 7001 முதல் 7010 வரை பத்து. பத்துக்கும் பழைய எண் என்னிடம் இருக்கிறது. ஒன்பதும் பத்தும் பத்தொன்பது. மிச்சம் ஒன்று. 7011 அந்த ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது 4417.

நாலு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். வெட்டிய எஞ்சின் எப்படி நீலமாக வரும்? வெட்டினதை யார் பார்த்தது?

மாமா ஒருமுறை சொன்னது ஞாபகம் வருகிறது. “வெட்டினா எடைக்குப் போயிடும், அதோட போச்சு. பிரிச்சிருந்தா சீட்டு எழுதியிருப்பாங்க. எந்த பாகம் எந்த லட்சணத்துல இருந்துச்சுன்னு பிரிக்கிறவன் சீட்டுல எழுதியே ஆகணும். அந்த ஒரு சீட்டு போதும் எனக்கு.”

ஜூன் 29, சனி

நடந்தபடியே எழுதுகிறேன்.

அப்பா சாப்பிட்டுக் கை கழுவப் போனார். நான் சோதனைப் பாதைக்குப் போனேன். முதலில் 7010. படிக்குப் பின்னால் கையை விட்டேன், 4412 தட்டுப்பட்டது. பிறகு 7011. அதே இடம், அதே படி. விரலுக்கு ஒன்றுமே படவில்லை. பீங்கான் தட்டைத் தடவுவது போல் இருந்தது. பட்டி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு வழவழப்பாகத் தேய்க்கிற கை இந்த ஷாப்பில் ஒன்றுதான்.

பையில் ஜியோமெட்ரி பாக்ஸ் இருந்தது. காம்பஸ் முள்ளால் கடைசி எண் இருக்கும் இடத்தை மட்டும் சுரண்டினேன். நீலம் செதிலாக வந்தது, பிறகு பட்டி சாம்பல் தூளாக உதிர்ந்தது. ஒன்பதாக இருக்கட்டும், ஒன்பதாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே சுரண்டினேன். ஒன்பது என்றால் மேலே ஒரு வட்டம் இருக்கும்.

வட்டம் இல்லை. ஏழு.

சாயங்காலம் சாப்பிடும்போது அப்பா என் கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் நகத்துக்குள் நீலம். அவருக்குத் தெரியாத நீலமா? எங்கே ஒட்டியது என்று கேட்பார் என்று காத்திருந்தேன். “சோப்புல போகாது. டர்பன்டைன் போட்டுத் துடை” என்று மட்டும் சொன்னார். மாமா என் தட்டைப் பார்த்து, “ரிஜிஸ்தர் இன்னிக்கு ஒண்ணும் சாப்பிடலைன்னு ரிஜிஸ்தர்ல எழுதுங்கப்பா” என்றார்.

ஜூலை 1, திங்கள்

பள்ளியிலிருந்து வந்து எஞ்சின் நோட்டைத் திறந்தேன். ஒரு தாள் இல்லை. 7001-இலிருந்து 7011 வரை எழுதிய தாள். கிழிக்கவில்லை, அறுத்திருக்கிறார்கள். தையலை ஒட்டி, இஸ்கேல் வைத்து, ஒரு நூல் கூட விலகாமல்.

வீட்டில் அப்படி அறுக்கத் தெரிந்தவர் அப்பாதான். எண்ணுக்கான அட்டை அச்சை அவர் அதே கத்தியில்தான் வெட்டுவார்.

அந்த நோட்டை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். முதல் பக்கத்தில் என் பேரை எண் எழுதும் பிரஷ்ஷால் எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கத்தை விட்டுவைத்திருக்கிறார்.

இந்த நோட்டு தப்பித்தது. என் தலையணை உறைக்குள் இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் கேட்டாள். நான் முடித்ததும், “நீ எதுக்கு அந்தப் பக்கம் போன? தண்டவாளத்துல காலை விட்டுக்கிட்டிருந்தா?” என்றாள்.

அவள் ‘அப்படியா’ என்று கேட்கவில்லை. ‘நிஜமாவா’ என்றும் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க — இல்லை, புளுகக் கூடாது, கொஞ்ச நேரம் — அதையே நினைத்தேன். ஒரு செய்தியை முதல்தடவை கேட்கிறவர்கள் அப்படிக் கேட்கத்தானே செய்வார்கள்?

மாமா அவளுடைய தம்பி. அவருக்கு முதல் சம்பளம் வந்தபோது வாங்கிக் கொடுத்த மிஷினில்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 3, புதன்

அம்மாவிடம் மறுபடி கேட்டேன், உனக்கு முன்னாடியே தெரியுமா என்று. “தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்ற? அவன் என் தம்பிதான். அதுக்காக ரெண்டு ஆம்பளையும் வேலையில்லாம வீட்ல உக்காந்தா அடுப்பு எப்படி எரியும்?” என்றாள். பிறகு முந்தானையால் மிஷினைத் துடைத்தாள். அதில் தூசு ஒன்றும் இல்லை.

ஜூலை 4, வியாழன்

நாலாவது வரிசை விளக்கு அணைந்ததும் இன்று நான் ‘நாலு’ என்று சொல்லவில்லை. கேட்டுக்கே போய் நின்றேன். அப்பாவோடு நடந்து வந்தேன். கேட்டிலிருந்து வீடு வரை முந்நூற்றுப் பத்து அடி. நூறு வரை எண்ணினேன்.

“எனக்குக் குடுத்த எண்ணை நான் எழுதினேன்” என்றார் அப்பா. நான் ஒன்றும் கேட்காமலேயே.

“பட்டி?”

“மேனேஜர் வந்து பக்கத்துல நின்னார். இந்த வருஷம் பதினொண்ணு வெளிய வரணும்னு மேலே சொல்லியாச்சாம், ஒண்ணு குறையுதாம். ஷெட் பின்னால அது சும்மாதான் நின்னுச்சு. வைன்னார். வச்சேன்.”

“பட்டி வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“நான்தான் சொன்னேன்.”

“மாமா தூங்கலைப்பா.”

“அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.” பிறகு நின்றார். “இது ஒர்க்‌ஷாப் வீடும்மா. அவனுக்கு வேலை போனப்போ அவன் நம்ம வீட்டுக்கு வந்தான். எனக்குப் போனா நாம யார் வீட்டுக்குப் போறது?”

ஆனால் என் நோட்டை அறுத்ததற்கு என்ன காரணம் சொல்வார்? அதை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் மாற்றி எழுதியிருப்பேன் என்று சொன்னாரே, அதை நம்பி ‘என் கவனக்குறைவு’ என்று எழுதினேனே. அதுதான் ரொம்ப வலிக்கிறது. எஞ்சினை விடவும்.

ஜூலை 6, சனி

சாப்பாடு எடுத்துப் போகவில்லை. வயிற்றுவலி என்றேன். பொய். எழுதிவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

மாமாவிடம் இந்த நோட்டைக் கொடுக்கப் போகிறேன். கடந்த ஐந்து நாளும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. இன்று காலையில் ஷெட்டுக்குப் போகும்போது, “வெட்டினவனையாவது ஒரு தடவை பார்த்துட்டா போதும், அந்த பிரேக் எப்படியிருந்துச்சுன்னு கேப்பேன்” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது.

(பிறகு.) கொடுத்தேன். கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டே ஜூன் 29 வரை படித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனார். முடித்ததும், “அத்தானா?” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. “அக்காவுமா?”

நான் ஒரு நிபந்தனை போட்டேன். ஜூன் 29 பக்கத்தை மட்டும் காட்ட வேண்டும். ஏழு என்று இருந்தால் போதும், மற்றதை அவர்களே சுரண்டிப் பார்த்துக்கொள்வார்கள். அப்பா பேர் எங்கேயும் வரக் கூடாது.

“உன் மேல ஆணை. அத்தான் பேர் என் வாயிலேர்ந்து வராது” என்றார்.

விசாரணைக்கு முந்தின நாள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

ஜூலை 17, புதன்

இப்போது மாமா வாங்கிக்கொள்ள வருவார். ஜூன் 29 பக்கத்தில் ஒரு காகிதத்துண்டு வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் மட்டும்.

ஜூலை 18, வியாழன்

இதைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நோட்டு திரும்பி வந்ததும் ஒட்டிவிடுவேன்.

மதியம் பெயின்ட் ஷாப்புக்கு ஆள் அனுப்பி அப்பாவைக் கூப்பிட்டார்களாம். அப்பா ஆறு மணிக்கு வந்தார். விளக்கு அணைகிறதா என்று நான் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தபோதே பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

“உன் நோட்டை வாசிச்சாங்க” என்றார்.

“எந்தப் பக்கம்?”

“முதல்லேர்ந்து. விசாரணை அதிகாரி ஒரு அம்மா. நல்லா நிறுத்தி நிறுத்தி வாசிச்சாங்க. நான் டிபன் பாக்ஸைத் திறந்து மூடினது, செருப்பைத் தேடினது. என் கட்டைவிரலைப் பத்தி எழுதியிருந்தியே, அது வந்ததும் எல்லாரும் என் கையைப் பார்த்தாங்க.”

நான் தரையைப் பார்த்தேன்.

“இதெல்லாம் உண்மையான்னு கேட்டாங்க. ஒரு எழுத்து விடாம உண்மைன்னு சொன்னேன்.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நல்லா எழுதுற” என்றார்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா இருட்டின பிறகு வந்தார். வாசற்படியிலேயே, “ஒரு பக்கத்தை மட்டும் காட்டினா இதை யார் எழுதினது, எப்போ எழுதினதுன்னு கேக்கறாங்க. முழு நோட்டையும் குடுத்தாத்தான் நம்புவோம்னாங்க. நான் என்ன பண்ணட்டும் ரிஜிஸ்தர்? என் வாயால நான் சொல்லல” என்றார்.

மாமா வாயால் சொல்லவில்லை. என் கையெழுத்துதான் சொல்லியிருக்கிறது.

‘முடியாது’ என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் எஞ்சின் போயிருக்கும். அப்பாவும் மேனேஜரிடம் ‘முடியாது’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வீடு போயிருக்கும். நானும் நோட்டைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு மட்டும்தான் அதைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

நோட்டு திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஊதா நிறத்தில் வட்ட முத்திரை. அதற்குக் கீழே எண் போட்டிருக்கிறார்கள், 1 முதல் 23 வரை. நான் பக்க எண் போடுவதில்லை. ஜூன் 15-க்கு இப்போது இன்னொரு பேர், பக்கம் 3. அதில் 4419 என்ற இடத்தைச் சிவப்பில் அடிக்கோடிட்டிருக்கிறார்கள். நல்லவேளை, அன்று அதை நான் அடிக்கவில்லை. நல்லவேளையா?

கணக்கு நோட்டுத் தாளை ஒட்டிவிட்டேன். அதற்கு முத்திரை இல்லை.

பிரித்த சீட்டு கிடைத்துவிட்டது. 4417-இன் பிரேக் சிலிண்டரில் ரப்பர் வளையம் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது என்று பிரித்தவர் எழுதியிருக்கிறார். மாதக்கணக்கில் அது ஓர் அலமாரியில் இருந்திருக்கிறது. மாமாவுக்கு டிரைவர் வேலை திரும்பக் கிடைத்தது. மேனேஜருக்கு இடமாற்றம். அப்பாவுக்கு, விசாரணை முடியும்வரை இடைநீக்கம். அது முடிகிறவரை வீடு இருக்கும். பிறகு தெரியாது.

கேட் வழியாகப் போனேன். பாயின்ட்ஸ்மேன் ஊன்றுகோலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். “ஒன்பது மாசமா ஒரு மனுஷனைத் திட்டிக்கிட்டிருந்தேன். இனிமே ஒரு ரப்பரைப் போய்த் திட்டணுமாம்” என்றார். பிறகு, “மாமா சௌக்கியமா?” என்றார். ‘தூங்குமூஞ்சி’ என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

மாமா டிரைவர்கள் தங்கும் அறைக்குப் போய்விட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். “வர்றேன் அத்தான்” என்றார். “சரி மச்சான்” என்றார் அப்பா. அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவேயில்லை. அக்கா என்று அவரும் கூப்பிடவில்லை.

என்னைப் பார்த்து, “ரிஜிஸ்தர்...” என்று ஆரம்பித்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. அம்மா இப்போது இரண்டு கடைக்குத் தைக்கிறாள். நான் பொத்தான் வைக்கிறேன். அவள் தேவைக்கு மட்டும் பேசுகிறாள், நூலைக் கொடு, கத்தரியைக் கொடு. நானும் கொடுக்கிறேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒர்க்‌ஷாப்பில் ஒரு புதிய விதி வந்திருக்கிறது. புதுப்பித்த எல்லா எஞ்சினிலும் புதிய எண்ணுக்குக் கீழே பழைய எண்ணையும் சின்னதாக எழுத வேண்டுமாம். இன்று பள்ளிக்குப் பின்னால் முதல் தடவையாக 7011 போனது. அதற்குக் கீழே 4417. ஓட்டிக்கொண்டு போனது மாமாதான், ஹார்னை இரண்டு தடவை அடித்தார். கணக்கு டீச்சர் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து மாமாவைப் பார்க்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து எஞ்சின் நோட்டை எடுத்தேன். அறுத்த இடத்துக்கு அடுத்த பக்கத்தில் 7001-இலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தேன். அப்பா என் பின்னால் நாற்காலியில் இருந்தார். இந்த ஒரு மாதத்தில் அவராக என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

“பழைய எண்ணை யாரோ புதுசா எழுதியிருக்கானாமே. பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“ஒண்ணு எப்படி நிக்குது?”

நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். யோசித்தது உண்மை.

“சாஞ்சிருக்குப்பா.”

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம். ஏழும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கு.”

“சாரத்துல ஏறாம கீழே நின்னு கையைத் தூக்கி எழுதியிருக்கான்” என்றார். ரேகை இல்லாத விரலால் நாற்காலிக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மணி ஐந்தே முக்கால். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஒவ்வொரு வரிசையாக அணையவில்லை. யாரோ மெயின் சுவிட்சையே இறக்கியிருக்க வேண்டும். பெயின்ட் ஷாப்பில் நாலு வரிசை விளக்கையும் ஒரே தடவையில் அணைத்துவிட்டார்கள்.